சைவநெறிக்கு ஏ

அன்புள்ள அண்ணைக்கு,

'அரச பள்ளிக்கூடத்து முற்றத்தில் எந்தச் சாமிக்கும் சிலை தேவையில்லை' என்று போன மாதம் நீங்கள் எழுதியதை வாசித்தேன். வாசித்த நாளிலிருந்து மனதுக்குள் ஒரே புகைச்சல்.

நான் துணுக்காய்ப் பக்கம். இரண்டு பிள்ளைகளும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நானும் இருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூட வாசலில் சரஸ்வதி சிலை வைக்க ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாணி விழாவன்று தானே வந்து திறக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். சங்கத்தில் எல்லோருக்கும் சம்மதம். கிறிஸ்தவ சபைக்குப் போகிற நாலைந்து குடும்பம் மட்டும் முகத்தைச் சுழிக்கிறது. கூட்டத்தில் அவர்களும் வாய் திறக்கவில்லை.

குருந்தூர்மலையில் நாங்கள் கும்பிட்டுவந்த இடத்தில் விகாரை கட்டியது உங்களுக்குத் தெரியும். வெடுக்குநாறிமலைச் சிவன் கோயிலுக்குச் சிவராத்திரிக்குப் போன சனத்தைப் பிடித்து உள்ளே போட்டதும் தெரியும். பிள்ளையின் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினால் எங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அரசாங்கத்துக்கு ஒரு மதம் இருக்கிறது. அதற்குப் படை இருக்கிறது, திணைக்களம் இருக்கிறது. எங்களுக்கு என்று மிஞ்சியிருப்பது ஒரு பள்ளிக்கூட வாசல். அங்கேயும் சாமி வேண்டாமென்றால் நாங்கள் எங்கே போவது? கொழும்பில் இருக்கிறவர்கள் இப்படி எழுதினால் சரி என்று விட்டுவிடலாம். வன்னிக்குள் இருந்துகொண்டு நீங்கள் எழுதலாமோ?

(பெயர் போட வேண்டாம்.)

* * *

அன்புள்ள தம்பிக்கு,

கோபத்தில் எழுதியிருந்தாலும் நான் எழுதியதை முழுக்க வாசித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். முக்கால்வாசிப் பேர் தலைப்போடு நின்று ஏசுகிறார்கள்.

முதலில் ஒரு விஷயம். சமய பாடத்தை எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கட்டாயப் பாடங்கள் ஆறு. சமயம் அதில் ஒன்று. சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, மற்றப் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம் என்று அவரவருக்கு அவரவருடையது. புத்தகமும் அரசாங்கமே அடித்து இலவசமாகத் தருகிறது. எழுத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. அந்த எழுத்து வகுப்பறைக்குள் வரும்போது என்ன ஆகிறது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். அதில் பிழைவிட்டவன் நான்தான்.

2011. சனம் திரும்பி வந்து குடியேறிய புதிது. குளக்கட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளிக்கூடம், தகரக் கூரை, பாதிச் சுவர். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் படிப்பிக்க ஏலாது. பிள்ளைகளை எழுதவிட்டுவிட்டுச் சும்மா இருப்போம். எனக்குத் தமிழ்ப் பாடம். ஆளில்லாததால் சைவநெறியும் என் தலையில். சபைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார்கள். கிறிஸ்தவ பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. அதனால் சைவநெறிப் பாடவேளையில் மூன்று பேர் வெளியே பாலைமரத்துக்குக் கீழே போய் இருப்பார்கள். சும்மாதானே இருக்கிறார்கள் என்று அவர்களை முற்றம் கூட்டச் சொல்வேன், தண்ணீர் அள்ளி வைக்கச் சொல்வேன். அதைத் தண்டனை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நாலாவது பிள்ளை மட்டும் வெளியே போகமாட்டாள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பாள். பாடத்தில் அவளுக்கு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். ஈர்க்குமாறு பிடிக்க விருப்பமில்லாமல்தான் உள்ளே இருந்தாள் என்பது எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது.

அவளுக்கு நல்ல குரல். அந்த வருட வாணி விழாவுக்கு வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. திருக்கேதீச்சரப் பதிகத்தைப் பாட அவளை விட்டேன். ஒரு பிசிறில்லாமல் பாடினாள். பாடும்போது கண்ணை மூடிக்கொண்டாள். வந்தவர்கள் மெய்மறந்து போனார்கள், நானும்தான்.

அடுத்த நாள் காலையில் தாய் வந்தார். வயலுக்குப் போகிற உடுப்பு. வாசல் குழாயில் காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார்.

"சேர், பிள்ளை பாடினது பிழையெண்டு சொல்ல வரேல்லை. நாங்களும் முந்திச் சைவந்தானே, அந்தப் பாட்டு எனக்கும் பாடம். பாடச் சொல்லேக்க அவளிட்ட ஒருக்கா கேட்டனீங்களோ? அதை மட்டும் கேக்க வந்தனான்."

கேட்கவில்லை. அப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்தப் பள்ளிக்கூடம் எங்களுடையது, அந்த விழா எங்களுடையது, அவளுக்கு மேடை கிடைத்ததே பெரிய விஷயம் என்று இருந்திருக்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும் காலம் வந்தது. படிப்பிக்க ஆளில்லாத பாடத்தில் பிள்ளையை எழுதவிட்டால் பெறுபேறு என்னாகும் என்று எல்லோருக்கும் பயம். பள்ளிக்கூடத்தின் சதவீதமும் அதில் தொங்குகிறது. சமயம் என்ற இடத்தில் 'சைவநெறி' என்று என் கையாலேயே எழுதினேன். 'ஏ' சித்தி வந்தது. அந்த முறை எங்கள் பள்ளிக்கூடத்தில் சைவநெறிக்கு வந்த ஒரே ஏ. அறிவித்தல் பலகையில் பெயரைப் பெரிதாகப் போட்டோம். பார்க்கத் தாயும் வரவில்லை, மகளும் வரவில்லை.

உங்கள் சங்கத்தில் நாலைந்து குடும்பம் வாய் திறக்கவில்லை என்று வாசித்ததும் எனக்கு அந்தத் தாயின் ஈரக் காலடிதான் நினைவுக்கு வந்தது. அவராவது வந்து கேட்டார். எம்.பி. கொடுக்கிற காசு, அதிபரின் விருப்பம், ஊரின் பெருமை என்று மூன்றும் ஒரு பக்கம் நிற்கும்போது, பிள்ளையை அதே பள்ளிக்கூடத்துக்கு நாளைக்கும் அனுப்ப வேண்டிய தகப்பன் எழும்பி என்ன சொல்வான்?

சரி, குருந்தூர்மலைக்கு வருவோம். உங்கள் கோபத்தில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கமாட்டேன். நீதிமன்றம் நிறுத்தச் சொல்லியும் தொல்லியல் திணைக்களத்தின் பெயரில் விகாரை கட்டினார்கள். அந்த வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி, உயிருக்கு அச்சுறுத்தல் என்று சொல்லி 2023 செப்டெம்பரில் பதவியை விட்டு நாட்டை விட்டே போனார். வெடுக்குநாறிமலையில் 2024 சிவராத்திரி இரவு எட்டுப் பேரைப் பிடித்தார்கள். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையான இடம் தருகிறது. அந்த இடம் 1972 அரசியலமைப்பிலேயே வந்தது, 1978இலும் தொடர்ந்தது. அதே அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை மதத்தைக் காட்டி யாரையும் வேறுபடுத்தக் கூடாது என்கிறது. இரண்டில் எது மலையேறி வந்தது என்று நாங்கள் கண்ணால் கண்டோம்.

ஆனால் அங்கே எங்களுக்கு வலித்தது எது? புத்தரா? புத்தரோடு எங்களுக்கு என்ன பகை. நாங்கள் கும்பிடப் போகிற இடத்தில் எங்களை ஒரு சொல் கேட்காமல், அதிகாரம் உள்ளவன் தன் பாட்டில் வந்து கட்டினானே, அதுதான். உங்கள் சரஸ்வதியும் குருந்தூர்மலையும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அங்கே துவக்கோடு நிற்கிறார்கள், இங்கே மாலையோடு நிற்கிறோம். அந்த நாலைந்து வீட்டுக்கு மட்டும் நாங்கள்தான் தொல்லியல் திணைக்களம்.

சைவர்களுக்கு இது தெரியாத வலியும் இல்லை. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, பைபிள் மொழிபெயர்ப்பிலும் கைகொடுத்தவர். 1848இல் அதை விட்டு வந்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். படிப்பு வேண்டுமானால் பைபிளும் படி என்ற நிபந்தனையோடு பள்ளிக்கூடம் நடந்த காலம் அது. பிறகு 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் வந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் போட்டது. 1960, 61இல் இரண்டு சட்டங்களால் இந்தப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் கையேற்றது. கத்தோலிக்கர்கள் பள்ளிக்கூடங்களுக்குள் போய்க் குடியிருந்து மறித்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் தெரியும்: அ.மி.த.க. பாடசாலை (அமெரிக்க மிஷன்), றோ.க.த.க. பாடசாலை (றோமன் கத்தோலிக்கம்) என்று சுருக்கி எழுதிய எழுத்துகளில் பழைய முதலாளிமார் இன்னும் இருக்கிறார்கள். சம்பளம் அரசாங்கத்துடையது, கட்டடம் அரசாங்கத்துடையது, பழக்கம் மட்டும் கோயிலுடையது அல்லது தேவாலயத்துடையது. கத்தோலிக்கர் கூடுதலாக இருக்கிற மன்னார்ப் பக்கம் போனால் வெளியே மரத்துக்குக் கீழே இருக்கிற பிள்ளை சைவப் பிள்ளையாக இருக்கும். 2019இல் அங்கே திருக்கேதீச்சரக் கோயில் வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கியபோது எங்களுக்கு எப்படிக் கொதித்தது!

இடையில் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஏன் சரஸ்வதி? துணுக்காயில் குளக்கட்டில் ஐயனார் இருக்கிறார். வைகாசியில் வற்றாப்பளைக்கு நடந்து போகிறோம், கடல் நீரில் விளக்கெரிகிறதென்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்குகிறோம். நான் படிப்பித்த சைவநெறிப் புத்தகத்தில் நாயன்மார் இருந்தார்கள், பதி பசு பாசம் இருந்தது. எங்கள் ஐயனாரை நான் அதில் கண்டதில்லை. எங்கள் வீட்டுச் சமயத்தையே எங்களிடம் கேட்காமல் எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். வரலாற்றுப் புத்தகத்தைப் பற்றி எழுதினாலும் போடுகிறேன்.

எம்.பி.யைப் பற்றி. அவர் யாரென்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் கதை ஒன்றுதான். வன்னிப் பள்ளிக்கூட முற்றம் பார்க்காத ஆளா? இயக்கம் (விடுதலைப் புலிகள்) இருந்த காலத்தில் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது, பரீட்சைத் தாள் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வந்தது, முற்றத்தில் தெருவெளி நாடகம் போட்டு இயக்கத்துக்குப் பிள்ளை சேர்த்தார்கள். அப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆசிரியர்களில் நானும் ஒருவன். போர் முடிந்த பிறகு சிவில் பாதுகாப்புத் திணைக்களம் (சி.எஸ்.டி.) கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முன்பள்ளி நடத்தத் தொடங்கியது. சி.எஸ்.டி. முன்பள்ளி ரீச்சருக்குச் சம்பளம் மற்ற ரீச்சர்மாரைவிட எவ்வளவோ கூட. நாலு வயதுப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறவருக்குப் பாதுகாப்புத் தரப்பு சம்பளம் கொடுக்கிறதே என்று நாங்கள் எல்லோரும் கேட்டோம், கேட்டது சரி. வறுமையில் அந்த வேலைக்குப் போன பெண்களை ஏசியது பிழை. இன்னொரு பக்கம் தொண்டராசிரியர்கள் நியமனத்துக்காகக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அரசியல்வாதிகளின் வாசலில் வருடக்கணக்காக நின்றார்கள். இவ்வளவையும் பார்த்தவர்களுக்கு, சிலை திறக்க வருகிற எம்.பி.யின் கையில் இருப்பது வெறும் கத்தரிக்கோல் மாதிரித் தெரியாது.

அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. நான் கண்ட வரையில் சிலைக்குக் காசு வருவது சுலபம், ஆய்வுகூடத்துக்குத்தான் கஷ்டம். சிலையை ஒரே நாளில் திறக்கலாம், படம் எடுக்கலாம். அமில போத்தலுக்குப் பக்கத்தில் நின்று யார் படம் எடுப்பார்கள்?

ஆக, உங்கள் அடுத்த கூட்டத்துக்கு என் யோசனை இதுதான். சிலையை ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் சைவநெறிப் பாடவேளையில் எத்தனை பிள்ளைகள் வெளியே இருக்கிறார்கள், அந்த நாற்பது நிமிடம் என்ன செய்கிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள். அதிபரிடம் கேட்க வேண்டாம். நானும் அதிபரிடம் நல்ல பதில்தான் சொல்லியிருப்பேன். நீங்களே ஒரு நாள் சைக்கிளை வெளியே விட்டுவிட்டுப் போய் நின்று பாருங்கள். பிறகு அந்தப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ பாடத்துக்கு ஓர் ஆசிரியர் கேட்டு துணுக்காய் வலயத்துக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் போடுங்கள். எழுதுகிறவர் சைவராக இருந்தால் நல்லது. கையெழுத்து வாங்க அந்த நாலைந்து வீட்டுக்கும் நீங்களே போங்கள், தேத்தண்ணி தந்தால் குடியுங்கள்.

வாணி விழாவை வழமை போலச் செய்யுங்கள், அவல் கடலை கொடுங்கள், விருப்பமுள்ள பிள்ளை பாடட்டும். டிசம்பரில் ஒளிவிழாவும் வைக்கச் சொல்லுங்கள். எம்.பி. வந்தால் முன்வரிசையில் இருத்துங்கள், அவரும் ஒருகாலம் அப்படியொரு பள்ளிக்கூடத்தில் படித்தவராகத்தான் இருப்பார். தருவதாகச் சொன்ன காசை விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகும் சிலைதான் வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தால் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். கூட்டத்தில் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். கல்வெட்டில் யாருடைய பெயர் பெரிய எழுத்தில் வந்தது என்றும் எழுதுங்கள், சரஸ்வதியுடையதா, அவருடையதா என்று.