எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர் விமான மாடலுக்குள் எல்.இ.டி. விளக்கு வைக்க முடியுமா?

1:144 அளவில் (நிஜத்தில் 144-இல் ஒரு பங்கு) ஒரு ஏர்பஸ் ஏ320 பிளாஸ்டிக் மாடல் வாங்கியிருக்கிறீர்கள், இன்னும் ஒட்டவில்லை, இறக்கை நுனியிலும் வாலிலும் விளக்கு எரிய வேண்டும், சர்க்யூட் பற்றி ஒன்றும் தெரியாது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டுவதற்கு முன்பே கேட்டது ரொம்ப நல்லது. தாராளமாகச் செய்யலாம்.

முதலில் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள். விமானத்துக்குள் எல்.இ.டி.யும் வயரும் மட்டும் போகட்டும். ரெசிஸ்டர் (கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம்), ஸ்விட்ச், ஐசி (சின்ன சிப்) எல்லாம் கீழே ஸ்டாண்டுக்குள் இருக்கட்டும். மாடலை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த பிறகு உள்ளே கை வைக்க முடியாது. விளக்கின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பது ரெசிஸ்டர்தான். அது ஸ்டாண்டில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த இடத்தில் எந்த நிறம்? விமானியின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. கப்பல்களிலும் இதே முறைதான். (இரவில் வானத்தில் உங்கள் இடப்பக்கம் பச்சையும் வலப்பக்கம் சிவப்பும் தெரிந்தால் அந்த விமானம் உங்களை நோக்கி வருகிறது.) இவை தவிர உடலின் மேலும் கீழும் ஒவ்வொரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஆக மொத்தம் ஐந்து. இறக்கை நுனியில் வெள்ளையாக வெட்டும் விளக்கும் உண்டு, ஆனால் முதல் மாடலுக்கு அது வேண்டாம்.

சாதாரண 3 மி.மீ. எல்.இ.டி. இந்த மாடலில் கால்பந்து மாதிரி தெரியும். 0402 என்ற எஸ்எம்டி (நீளக் கால்கள் இல்லாத, மிகச் சிறிய) வகையைக் கேட்டு வாங்குங்கள். அது 1 மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலம்; நிஜ விமானத்தில் சுமார் 14 செ.மீ.க்குச் சமம். வயர் ஏற்கெனவே பற்றவைத்தே விற்கிறார்கள், புதிதாகத் தொடங்குபவர் அதையே வாங்கலாம். நீங்களே பற்றவைப்பதென்றால் மோட்டார் காயில் சுற்றும் கடையில் கிடைக்கும் மெல்லிய எனாமல் செம்புக் கம்பி போதும். நுனியில் உள்ள எனாமலைப் பிளேடால் லேசாகச் சுரண்டிவிட்டு ஈயம் பூசுங்கள். எல்.இ.டி.யை இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டி வைத்து, ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) தொட்டு, ஓரிரு நொடியில் முடித்துவிட வேண்டும். இந்த வேலையை மாடலுக்கு வெளியிலேயே முடியுங்கள், சோல்டரிங் அயர்ன் பட்டால் பிளாஸ்டிக் உருகிவிடும். எரியும்போது வரும் சூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், இவ்வளவு குறைந்த கரன்ட்டில் அது ஒன்றுமே இல்லை.

இப்போது கணக்கு. மின்சாரத்துக்குப் பழைய மொபைல் சார்ஜர் போதும், அது 5 வோல்ட் தரும். 230 வோல்ட் பக்கம் நீங்கள் போகவே தேவையில்லை. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். வெள்ளையும் இன்றைய பளீர் பச்சையும் சுமார் 3 வோல்ட். மீதி வோல்ட்டை வேண்டிய கரன்ட்டால் வகுத்தால் ரெசிஸ்டர் மதிப்பு ஓம் கணக்கில் வந்துவிடும். 5 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் சிவப்புக்கு 3 ÷ 0.005 = 600 ஓம், கடையில் 560 அல்லது 680 கிடைக்கும். பச்சைக்கும் வெள்ளைக்கும் 400, அதற்கு 390 அல்லது 470.

ஆனால் இதோடு நிற்காதீர்கள். இந்த அளவு மாடலுக்கு 5 மில்லி ஆம்பியரே அதிகம், அதிலும் பச்சை கண்ணைக் கூசும். ப்ரெட்போர்டில் (பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பலகை) 1 கே, 2.2 கே, 4.7 கே, 10 கே (ஒரு கே என்றால் ஆயிரம் ஓம்) என்று மாற்றி மாற்றிப் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே அளவில் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். விளக்கு வைத்த பல மாடல்கள் பொம்மை போலத் தெரிவதற்குக் காரணம் இந்த அதிக வெளிச்சம்தான்.

ஒரு எல்.இ.டி.க்கு ஒரு ரெசிஸ்டர் என்பதில் மட்டும் சமரசம் வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் பேரலலாக (பக்கத்துப் பக்கமாக, பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) இணைத்துப் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் போட்டால் சிவப்பு மட்டும் எரியும். அது வோல்ட்டை 2-லேயே பிடித்து வைத்துவிடும், பச்சைக்கு 3 கிடைக்காது. ‘எல்.இ.டி. போச்சு’ என்று பலர் தூக்கிப் போடுவது இதனால்தான்.

எல்லா பாசிட்டிவையும் உள்ளேயே ஒன்றாகச் சேர்த்து ஒரு வயராக இறக்குங்கள், நெகட்டிவ் மட்டும் தனித்தனியாக வரட்டும். ஐந்து விளக்குக்கு ஆறு கம்பி. மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்றை ஸ்டாண்டின் தண்டாக வைத்தால் அதற்குள்ளேயே போய்விடும்.

மினுக்கும் இரண்டு சிவப்புக்கும் 555 என்ற டைமர் ஐசி ஒன்று போதும், அதற்கு எட்டுக் கால்கள் உண்டு. 8, 4-ஆம் கால்கள் 5 வோல்ட்டுக்கு, 1-ஆம் கால் நெகட்டிவுக்கு. 5 வோல்ட்டிலிருந்து 7-ஆம் காலுக்கு 120 கே, 7-லிருந்து 6-க்கு 15 கே. 6-ஐயும் 2-ஐயும் சேர்த்து, அங்கிருந்து நெகட்டிவுக்கு 10 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர். இரண்டு எல்.இ.டி.களின் நெகட்டிவையும் அதனதன் ரெசிஸ்டர் வழியாக 3-ஆம் காலில் கொடுங்கள். அந்தக் கால் தாழும்போது மட்டும் விளக்கு எரியும். சுமார் பத்தில் ஒரு நொடி வெட்டு, ஒரு நொடி இடைவெளி. நிஜ விமானத்தைப் பார்ப்பது போலவே இருக்கும், அவ்வளவு அழகு!

அப்புறம் வெளிச்சக் கசிவு. வெள்ளை பிளாஸ்டிக்குள் விளக்கு வைத்தால் இறக்கை முழுக்கச் சிவந்து தெரியும். ஒட்டுவதற்கு முன் உட்புறம் கறுப்பு பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். பிறகு எல்லா விளக்கையும் ஓர் இரவு முழுக்க எரியவிட்டு, கம்பிகளை லேசாக ஆட்டிப் பாருங்கள். எதுவும் அணையாவிட்டால் ஒட்டத் தொடங்கலாம்.