குழாயோடு அம்மா காத்திருக்க, கணினி என்ன செய்கிறது?

கேள்வி: என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வெளியிலிருந்து கொடுத்த கதிர் முடிந்து, இப்போது உள்ளே வைக்கும் பிராக்கிதெரப்பி. குழாயைப் பொருத்தி ஸ்கேன் எடுத்துவிட்டு, "கம்ப்யூட்டரில் பிளான் போடுகிறோம்" என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வைத்தார்கள். சிகிச்சையோ பத்தே நிமிஷம். அப்படி என்ன கணக்கு? வேகமாகப் போட்டால் தப்பாகிவிடுமா? வீட்டுக்கு வந்தபின் பேரனைத் தூக்கலாமா?

பதில்: முதலில் ஒன்று. அடுத்த முறை அம்மாவுக்கு வலி அதிகமானால் உடனே தாதியிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

சரி, கணக்கு. அந்தக் குழாய்க்குள் அரிசி அளவு இரிடியம்-192 என்ற கதிர் வீசும் உலோகம் போய், சில மில்லிமீட்டருக்கு ஓர் இடமாக நின்று நின்று நகரும். எந்த இடத்தில் எத்தனை விநாடி என்பதுதான் பிளான். மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சம் மாதிரிதான் கதிரும், ஒரு சென்டிமீட்டரில் இருப்பது இரண்டு சென்டிமீட்டரில் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். கட்டிக்கு நிறையப் போக வேண்டும், ஆனால் ஒட்டியபடியே முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். ஓர் இடத்தில் இரண்டு விநாடி கூட்டினால் எல்லாப் பக்கமும் அளவு மாறும், அதனால்தான் கையால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது இழுத்துக்கொண்டே போகும்.

1938இல் மான்செஸ்டரில் 'ஏ' என்று ஒரு புள்ளியைக் குறித்து அதற்கு அளவு கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே புள்ளி, கட்டியின் வடிவம் அதில் தெரியாது. இன்று ஸ்கேனில் ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் பார்க்கிறோம். அவ்வளவையும் சீக்கிரம் போட ஒரு வழி இருக்கிறது: தோட்டத்துக் கிராணி தினமும் புதிதாகக் கணக்குப் போடாமல் எடைக்கான அட்டவணையைப் பார்த்துப் பெருக்குவார் இல்லையா, அதுபோல ஒவ்வொரு நிறுத்தமும் ஒவ்வொரு புள்ளிக்கும் விநாடிக்கு எவ்வளவு கொடுக்கும் என்று ஒரு தடவை கணக்கிட்டு வைத்துக்கொண்டால், பிறகு நேரத்தால் பெருக்கிக் கூட்டுவதுதான் மிச்சம். அப்புறம் கணினியே விநாடிகளை மாற்றி மாற்றிப் பார்த்து, கட்டிக்கு நிறைவாகவும் மலக்குடலுக்குக் குறைவாகவும் வரும் சேர்க்கையைத் தேடும். சாதாரணக் கணினியிலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிகிற வேலை இது.

அப்படியானால் இரண்டு மணி நேரம் எங்கே போனது? பெரும்பாலும் கட்டியையும் உறுப்புகளையும் படத்தில் வரைவதிலும், போட்ட பிளானை இன்னொருவர் சரிபார்ப்பதிலும்தான். காத்திருக்கும்போது சிறுநீர்ப்பை நிரம்பும், குடல் இடம் மாறும். ஸ்கேனில் பார்த்த வயிறும் சிகிச்சை நேரத்து வயிறும் வேறாகிவிடும். ஆகவே வேகம் இங்கே துல்லியத்துக்கே உதவுகிறது. சரிபார்ப்பதை மட்டும் அவசரப்படுத்தக் கூடாது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 1995இல் வந்த டிஜி-43 என்ற அட்டவணை முறை உடம்பு முழுக்கத் தண்ணீர் என்று வைத்துக்கொள்கிறது. இரிடியத்துக்கும் அடிவயிற்றுக்கும் அது பெரிதாகத் தப்பில்லை. தோலோரத்திலும், ஐயோடின்-125 போன்ற பலவீனமான கதிருக்கும் வித்தியாசம் வரும். அங்கே கதிர்த்துகள்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் மான்டே கார்லோ முறை நல்லது; முன்பு மணிக்கணக்கில் ஓடியதை இப்போது கிராபிக்ஸ் சிப்புகள் வெகுவாகக் குறைத்துவிட்டன.

இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகும். அதனால் போன வாரம் பத்து நிமிஷம், இந்த வாரம் பதினொன்று என்றால் பயப்பட வேண்டாம், அதே அளவுதான்.

பேரனைப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளேயே விட்டுவிடும் 'விதைகள்' எனப்படும் சின்னக் கதிர்த் துண்டுகள் என்றால் கொஞ்ச காலம் கவனம் வேண்டும். அம்மாவுக்குச் செய்தது அப்படியில்லை, சிகிச்சை முடிந்ததும் இரிடியம் இயந்திரத்துக்குள் திரும்பிவிட்டது, உடம்பில் கதிர் எதுவும் தங்கவில்லை. அன்று சாயங்காலமே பேரனை மடியில் வைத்துக் கொஞ்சலாம்.