டீவியில குதிரை பழக்குறவங்க நெசமாவே கெட்டிக்காரங்களா? சத்தத்தை அணைச்சிட்டு பாருங்க

கேள்வி: டீவியிலயும் யூடியூப்லயும் குதிரை பழக்கி காட்டுறாங்களே, அதுல யாருக்கு நெசமாவே வேலை தெரியும், யாரு சும்மா படம் காட்டுறாங்கன்னு குதிரையே வச்சிருக்காத ஆள் எப்படி கண்டுபிடிக்கிறது?

நான் நுவரெலியா. எங்க மாமா, அம்மாவோட தம்பி, ரேஸ்கோஸ்ல இருபது வருஷத்துக்கு மேல குதிரை பாத்தவரு, அதாங்க 1875ல வெள்ளைக்காரன் போட்டது, இன்னும் ஏப்ரல் சீசனுக்கு ரேஸ் ஓடுது. பள்ளிக்கூடம் விட்டா நான் அங்கதான் நிப்பேன். "லயத்துல பொறந்து லாயத்துல வளந்த பய"ன்னு மாமா கிண்டல் பண்ணுவாரு (லயம்னா தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, லாயம்னா குதிரை கட்டுற இடம்). அதனால குதிரைக்கு சொந்தக்காரன்னு சொல்லிக்க முடியாது, லத்தி அள்ளியிருக்கேன்னு வேணும்னா தைரியமா சொல்லலாம்.

இந்த அமெரிக்கா வீடியோவுல எல்லாம் 'கிளினிஷியன்'னு ஒரு பேரு வரும். நம்ம ஊர்ல கிளினிக்னா மாசத்துக்கு ஒருக்கா கொப்பிய தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரியில பிரஷர் குளிசை எடுக்க போற இடம், அது இல்ல இது. ஊர் ஊரா போய், சனங்க கொண்டு வர்ற குதிரைய ரெண்டு மூணு நாள்ல கூட்டத்துக்கு முன்னால பழக்கி காட்டுறவருதான் கிளினிஷியன்.

என்கிட்ட இருக்குற வழி ஒண்ணே ஒண்ணுதான். போன்ல சத்தத்தை சுத்தமா அணைச்சிட்டு பாருங்க. அவரு பேச்சுதான் நம்மள மயக்குறது. "பாருங்க இப்ப யோசிக்குது, பாருங்க இப்ப என்னை நம்புது"ன்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தா நமக்கும் அப்படியே தெரியும். பேச்சு போயிட்டா குதிரை மட்டுந்தான் மிச்சம். காது ரெண்டும் பின்னால படிஞ்சு ஒட்டியிருக்கா, ஈ எதுவும் இல்லாமலே வாலை விசுக்கு விசுக்குன்னு அடிக்குதா, வாய் இறுகி மூக்கு விரிஞ்சிருக்கா, கண்ணுல வெள்ளை தெரியுதா (பொட்டு பொட்டா இருக்குற அப்பலூசா குதிரைக்கு சும்மாவே வெள்ளை தெரியும், அதை கணக்குல எடுக்காதீங்க). வாயை மென்னா அது பாடம் படிக்குதுன்னு சொல்லுவாங்க, ஆனா பயந்து போயிருந்த குதிரை அந்த பயம் விலகி உடம்பு தளர்ற நேரத்துலயும் அப்படித்தான் மெல்லும்.

அடுத்து அந்த ஆளோட கைய பாருங்க. கயிறை இழுக்குறப்ப குதிரை எதையும் படிக்காது, விடுறப்பதான் படிக்கும். இழுக்குறீங்க, அது ஒரு அடி முன்னால வைக்குது, அந்த நிமிஷமே விட்டீங்கன்னா 'ஓ இதுதான் வேணுமா'ன்னு புரிஞ்சுக்கும். ரெண்டு செக்கன் பிந்தி விட்டா அதுக்குள்ள அது தலைய ஆட்டியிருக்கும், அப்ப தலைய ஆட்டுனாத்தான் விடுவாங்கன்னு படிச்சிரும். வேலை தெரிஞ்சவன் கை எப்ப விட்டுச்சுன்னே உங்களுக்கு தெரியாது, குதிரைக்கு தெரியும். தெரியாதவன் விடாம இழுத்துக்கிட்டே கேமராவை பாத்து பேசிக்கிட்டு இருப்பான், இதை ஒருக்கா கவனிச்சிட்டீங்கன்னா அப்புறம் நிறைய வீடியோ பாக்கவே முடியாது.

நானும் ஏமாந்தவன்தான், அதையும் சொல்லிடுறேன். சிட்டுன்னு ஒரு பொம்பளை குதிரை, ரேஸ் ஓடி முடிச்சு லேக் பக்கம் ஆள் ஏத்த வந்தது. கோவா (முட்டைக்கோஸ்) மூட்டைய மூடுற நீல பொலித்தீன் காத்துல படபடன்னா போதும், ரோட்டுன்னு பாக்காம எகிறும். எனக்கு அப்ப பத்தொம்பது வயசு, ஒரு ஷோவுல பாத்ததை அப்படியே செஞ்சேன். மாமா டவுனுக்கு போன நேரமா பாத்து சிட்டுவ வேலிக்குள்ள விட்டு, கம்புல பொலித்தீனை கட்டி, அது ஓட ஓட முகத்துக்கு நேரா ஆட்டிக்கிட்டே இருந்தேன். முதல் நாள் பெஞ்ச மழையில தரையெல்லாம் சேறு, ரெண்டு தடவை வழுக்கி முட்டி போட்டுச்சு, நான் விடல. கால் மணி நேரத்துல நின்னுருச்சு பாருங்க, பொலித்தீனை முதுகுல போட்டேன், தலையில போட்டேன், அசையவே இல்ல. எனக்கு தலை கால் புரியல.

மாமா வந்து பாத்தாரு. திட்டுவாருன்னு நெனச்சேன், ஒண்ணும் பேசல. ஒரு கை கொள்ளு எடுத்து அது வாய்க்கு நேரா நீட்டுனாரு. கொள்ளுன்னா உசுர விடுற குதிரை அது. காதுகூட திரும்பல. கண்ணு எங்கேயோ இருந்துச்சு, விலாவுல வேர்வை வழியுது, தொடை மட்டும் லேசா நடுங்குது. "இது பழகலடா, விட்டுருச்சு"ன்னாரு.

அந்த 'விட்டுருச்சு'க்கு பின்னால ஒரு பெரிய ஆராய்ச்சியே இருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் படிச்சேன். 1967ல அமெரிக்காவுல மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர்னு ரெண்டு பேரு நாய்ங்கள வச்சு செஞ்சாங்க. தப்பிக்கவே வழியில்லாம கரண்ட் ஷாக் வாங்குன நாய், பிறகு வழி இருக்குற கூண்டுல போட்டாலும் நிறையது தப்பிக்க பாக்காம அப்படியே படுத்துருச்சு. டீவியில முரட்டுக் குதிரை அரை மணி நேரத்துல சிலை மாதிரி நிக்குறப்ப எனக்கு சிட்டு ஞாபகந்தான் வரும். மாமா அதுக்கப்புறம் பொலித்தீனை தூரத்துல ஒரு முளையில கட்டி வச்சு, புல்லை மட்டும் தினம் ஒரு அடி கிட்ட கிட்ட போட்டு, பதினோரு நாள் எடுத்தாரு. அதை யாரு வீடியோ எடுப்பா, எடுத்தாலும் யாரு பாப்பா.

மாமாவை சாமியாக்கல நான். அவரே சின்ன வயசுல சாட்டை வீசுனவருதான், இப்பவும் கோவம் வந்தா கெட்ட வார்த்தை கொட்டும்.

பேர் பெத்த ஆட்கள்ல மொன்டி ராபர்ட்ஸ் இருக்காரு, 1989ல எலிசபெத் ராணியே கூப்பிட்டு வின்சர்ல செஞ்சு காட்ட சொன்னாங்க. வட்ட வேலிக்குள்ள குதிரைய ஓட விட்டு, அதுவே திரும்பி அவர்கிட்ட வர்ற மாதிரி செய்யுறது அவரு முறை. குதிரை பாஷை பேசுறாருன்னு உலகமே வியந்துச்சு. 2012ல சிட்னி பல்கலைக்கழகத்துல என்ன பண்ணாங்கன்னா, மனுசனுக்கு பதிலா ரிமோட் காரை வேலிக்குள்ள விட்டாங்க. குதிரை திரும்புனா கார் துரத்துறதை நிறுத்திரும். அந்த காரையும் குதிரைங்க திரும்பி பாக்கவும், அதுகிட்ட வரவும் பழகிருச்சு. காருக்கு என்ன பாஷை தெரியும்? எனக்கு மொன்டி மேல மரியாதை இருக்கு, குதிரைய அடிச்சு பழக்காதீங்கன்னு எத்தனையோ பேருக்கு புரிய வச்சவரு, ஆனா அந்த 'பாஷை' கதைய மட்டும் அப்படியே நம்பிடக் கூடாது.

விக்குறதையும் கவனிங்க. கயிறு, கம்பு, டிவிடி, லெவல் ஒண்ணு லெவல் ரெண்டுன்னு வரும். பெட் பரெல்லின்னு ஒரு அமெரிக்க குதிரை பழக்குறவரு, அவரு ஆளுங்க வச்சிருக்குற ஆரஞ்சு கம்புக்கு பேரே கரட் ஸ்டிக். மாமாகிட்ட சொன்னேன், "கரட் வெளையுற ஊர்ல கரட் கம்புக்கு காசு குடுக்க சொல்றியா"ன்னாரு. விக்குறதால மட்டும் ஒருத்தர் மோசம்னு ஆகாது, வயித்துப் பாடு எல்லாருக்கும் இருக்கு. ஆனா குதிரை சரியாகாததுக்கு எப்ப பாத்தாலும் சொந்தக்காரரையே குறை சொல்லிட்டு அடுத்த டிவிடிய நீட்டுனா யோசிங்க. வோர்விக் ஷில்லர்னு ஆஸ்திரேலியாக்காரர் ஒருத்தர், குதிரை காட்டுற சின்னச் சின்ன பயத்தை முன்னாடி தானே கவனிக்காம விட்டதை வெளிப்படையா பேசுறாரு, எனக்கு அவரை பிடிக்க அதுதான் காரணம்.

கடைசியா ஒண்ணு, 'ரோட் டு த ஹோர்ஸ்'னு 2003ல இருந்து அமெரிக்காவுல போட்டி நடக்குது, ஏறியே பழகாத இளங்குதிரைய மூணு நாள்ல ஏறி ஓட்டி காட்டணும். 2006ல அதை ஸ்டேசி வெஸ்ட்ஃபால் ஜெயிச்சாங்க, ஜெயிச்ச முதல் பொம்பளை. அதே வருஷம் சேணமும் இல்லாம கடிவாளமும் இல்லாம ஒரு கறுப்பு குதிரையில சுத்தி சுத்தி ஓட்டுன அவங்க வீடியோவை மாமாவுக்கு போட்டு காட்டுனேன், சத்தம் இல்லாமத்தான். ரெண்டு தடவை பாத்தாரு. வாலையும் காதையும் போன்ல விரலை வச்சு பெருசாக்கி பாத்தாரு. அப்புறம் கேட்டாரு, "இந்த குதிரை அந்தப் புள்ளகிட்ட எத்தன வருஷமா இருக்கு?"