ஷிமே நீலத்தைப் பரிமாறுவது – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஆய்வுப் பணியில் இருக்கிறேன். உடன் பணிபுரியும் ஒருவர் ஷிமே நீலம் என்னும் பீரில் 330 மில்லி பாட்டில்கள் நான்கும், கார்க் அடைத்த 750 மில்லி பாட்டில் ஒன்றும் அன்பளிப்பாகக் கொடுத்தார். சிறிய பாட்டில் ஒன்றை ஃப்ரிட்ஜில் படுக்கவைத்து, நம்மூர் வழக்கப்படி பல் கூசும் அளவுக்குக் குளிரவைத்து, உயரமான டம்ளரில் ஊற்றினேன். பாதி நுரையாக மேசையில் வழிந்தது, மீதி கலங்கலாக இருந்தது. நாக்கைக் குத்தும் வாயுவும் ஒருவித மண் கசப்பும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இரண்டாவது பாட்டிலையும் குடித்துப் பார்த்ததில் தலை கனத்ததுதான் மிச்சம். இதை இங்கே இவ்வளவு கொண்டாடுவது ஏன்? மடாலயத்தில் துறவிகள் காய்ச்சுவது என்பதெல்லாம் விளம்பரம்தானா? அடுத்த மாதம் ஐந்து நண்பர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பெரிய பாட்டிலை அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? சிக்கன் 65 உடன் ஒத்துவருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுக்குக் கிடைத்த பீரில் குறை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. குளிரும், படுக்கவைத்ததும்தான் அதைக் கெடுத்தன. மூன்று நான்கு டிகிரிக் குளிரில் மணம் தரும் பொருட்கள் ஆவியாகி மூக்கை எட்டுவதில்லை, நாவில் இனிப்புணர்வும் மங்கிவிடுகிறது. எஞ்சுவது கசப்பும் கரியமில வாயுவின் குத்தலும் மட்டுமே. வெயிலில் அலைந்து வந்தவர் தாகம் தீரக் குடிக்கும், நம்மூரில் வழக்கமான லாகர் என்னும் இலகுவான பீருக்கு அந்தக் குளிர் பொருந்தும், அதில் தேடி எடுக்க அதிகம் இல்லை என்பதால். 9 சதவீத ஆல்கஹால் கொண்ட ஷிமே நீலத்துக்கு 10 முதல் 12 டிகிரி வரை வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சிறிய பாட்டிலை ஏறத்தாழ அரை மணி நேரமும், பெரியதை அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் மேசையில் வைத்திருந்தால் போதும்.

கலங்கலுக்குக் காரணம் ஈஸ்ட். இந்த பீரை அடைக்கும்போது சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் சேர்ப்பார்கள். பாட்டிலுக்குள்ளேயே அது மீண்டும் ஒருமுறை நொதித்து, வாயுவை உண்டாக்கி, பிறகு அடியில் வண்டலாகப் படிகிறது. படுக்கவைத்த பாட்டிலில் அந்த வண்டல் பக்கவாட்டில் படிந்து, நிமிர்த்திச் சாய்த்ததும் முழுவதும் கலைந்துவிடும். கலைந்த துகள்களைப் பற்றிக்கொண்டு வாயு குமிழிகளாகப் பொங்கும், உங்கள் மேசை நனைந்தது அதனால்தான். நீங்கள் சொல்லும் மண் கசப்பிலும் பெரும்பகுதி ஈஸ்டுடையதே. திறப்பதற்கு ஒரு நாள் முன்பாவது பாட்டில் நின்ற நிலையில் இருக்க வேண்டும்.

பெரிய பாட்டிலை ஆறு பேருக்குப் பகிர்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு கோப்பைக்கும் பாட்டிலைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்தால் மூன்றாவது கோப்பைக்குள் வண்டல் எழுந்துவிடும். ஆறு கோப்பைகளையும் குளிர்ந்த நீரில் அலசி, ஈரத்தோடு அருகருகே வரிசையாக வையுங்கள், ஈரக் கண்ணாடியில் நுரை அடங்கி எழும். கார்க்கின் மேலுள்ள கம்பியை அகற்றி, ஒரு துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டு, கார்க்கைத் திருகாமல் பாட்டிலைத் திருகுங்கள். பிறகு பாட்டிலை ஒருமுறை சாய்த்தால் சாய்த்தபடியே, மெல்லிய தாரையாக, ஒரு கோப்பையிலிருந்து அடுத்ததற்கு நகருங்கள். பக்கத்தில் ஒருவர் கோப்பைகளைச் சாய்த்து நீட்டிக்கொண்டே வந்தால் இது எளிது. கழுத்தருகே கலங்கல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒரு விரற்கடை பீர் மிஞ்சும். அந்த ஈஸ்ட் வண்டல் கெடுதல் செய்வதல்ல, அதைத் தனியே ஒரு சிறு கிளாஸில் ஊற்றிக் குடிப்பவர்களும் உண்டு. எனக்கு அந்த மாவுச்சுவை பிடிப்பதில்லை.

ஒவ்வொரு பீருக்கும் அதன் பெயர் பொறித்த கோப்பைதான் வேண்டும் என்று பெல்ஜியத்து மதுக்கடைகளில் ஒரு சம்பிரதாயம் உண்டு. அதில் பாதி வியாபாரம். வாய் அகன்று, கால் வைத்த கோப்பை எதுவானாலும் சரி, வைன் கோப்பை தாராளமாகப் போதும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கும்படி ஊற்றினால் மணம் அதில் தங்கும்.

முதல் மிடறுக்கு முன் முகர்ந்து பாருங்கள். உலர்ந்த அத்தி, கருந்திராட்சை, அதன் பின்னால் மிளகு, லேசாகக் கருகிய சர்க்கரை ஆகியவற்றின் வாசனை வரும். இதில் பழம் எதுவும் சேர்ப்பதில்லை. அந்தப் பழவாசனையில் பெரும்பகுதி நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்குவது, மிளகின் சாயலும் அதனுடையதே. ஷிமேயின் ஈஸ்டை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தனியே பிரித்தெடுத்தவர், ஷிமேயைக் காய்ச்சும் ஸ்கூர்மோன் மடாலயத்தின் துறவி தெயோடோர். அவருக்குத் துணைநின்றவர் உங்கள் லூவன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜான் டி கிளெர்க். அவருடைய கல்லறையும் அந்த மடாலயத்திலேயே இருக்கிறது. நீலம் 1948இல் கிறிஸ்துமஸ் பீராக வெளிவந்தது. இவ்வகை பெல்ஜிய பீர்களில் சர்க்கரை சேர்ப்பது வழக்கம் என்று கேட்டதும் திகட்டுமோ என்று தோன்றும். ஆனால் அந்தச் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகிவிடுவதால், பீர் கனக்காமல் வறண்டு முடிகிறது. கோப்பை கையில் இருக்க இருக்கச் சூடேறி, அரை மணி நேரத்தில் வேறொரு சுவையைக் காட்டும். அவசரப்பட்டுக் குடிப்பவர் அந்த இரண்டாம் பாதியை இழந்துவிடுகிறார்.

தலை கனத்ததற்குக் கணக்கு நேரானது. 330 மில்லி ஷிமே நீலத்தில் ஏறத்தாழ 23 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, அதே அளவு 5 சதவீத பீரில் 13 கிராம்தான். நீங்கள் குடித்த இரண்டு பாட்டில்கள், அதே அளவுள்ள சாதாரண பீர் மூன்றரைப் பாட்டிலுக்குச் சமம். 11.3 சதவீதம் கொண்ட ரோஷ்ஃபோர் 10 என்னும் மற்றொரு மடாலய பீர் என்றால் இன்னும் கூடும். ஆறு பேருக்கு ஒரு பெரிய பாட்டில் என்று நீங்கள் நினைத்தது சரியான அளவு. ஆளுக்கு 120 மில்லி வரும். கார் ஓட்டி வருபவருக்கு அதையும் வற்புறுத்த வேண்டாம்.

துறவிகள் விளம்பரமா என்று கேட்டீர்கள். பாட்டிலில் உள்ள அறுகோண டிராப்பிஸ்ட் முத்திரை வெறும் அலங்காரமன்று; டிராப்பிஸ்ட் என்பது ஒரு கத்தோலிக்கத் துறவியர் சபை. மடாலயச் சுற்றுவட்டத்துக்குள், துறவியரின் மேற்பார்வையில் காய்ச்சியிருக்க வேண்டும், வருமானம் மடாலயப் பராமரிப்பும் செலவும் போக அறப்பணிக்குச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனைகளின் பேரில்தான் அது வழங்கப்படுகிறது. ‘மடாலய பீர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கதை வேறு. நீங்கள் அன்றாடம் கடைகளில் காணும் லெஃப் என்னும் பீர், ஏபி இன்பெவ் என்ற பெரும் பீர் நிறுவனத்தின் தயாரிப்பு. அது காய்ச்சப்படுவது உங்கள் ஊரில் உள்ள பெரிய ஆலையில்தான், மடத்தில் அன்று. அதனால் அது மோசமான பீர் என்றாகிவிடாது, அதைத் துறவி காய்ச்சினார் என்று நண்பர்களிடம் சொல்லாமல் இருந்தால் போதும். துறவிகள் இந்த 9 சதவீதத்தைத் தினமும் அருந்துவதாகவும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அவர்களுடைய சாப்பாட்டு மேசைக்கென்று உருவானது ஷிமே தோரே, 4.8 சதவீதம். பெல்ஜியத்தில் இத்தனை வீரியமான பீர்கள் பெருகியதற்கு மடாலயங்களைவிட 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். மதுக்கடைகளில் ஜின் போன்ற சாராய வகைகளை விற்கக் கூடாது என்று அச்சட்டம் தடுத்தபோது, அந்த வீரியத்தை மக்கள் பீரில் தேடினார்கள்.

சிக்கன் 65 இதற்கு ஒத்துவராது. மிளகாயின் காரத்தை ஆல்கஹாலும் வாயுவும் சேர்ந்து கூட்டிவிடும். அத்திப்பழ மணமெல்லாம் அந்த எரிச்சலில் காணாமல் போய்விடும். நண்பர்கள் கேட்கத்தான் செய்வார்கள் என்றால், முதலில் சிக்கனோடு உள்ளூர் பில்ஸ்னரை, அதாவது வெளிர்நிற லாகர் பீரை, நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள். தட்டுகளை அகற்றி, எல்லோரும் தண்ணீர் குடித்துச் சற்று ஓய்ந்த பிறகு பெரிய பாட்டிலைத் திறங்கள். அப்போது முதிர்ந்த கௌடா சீஸ், கறுப்பு சாக்லேட், உப்பிடாத வறுத்த பாதாம் ஆகியவை பொருந்தும். சமைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, காரம் குறைத்து, மெதுவாக வேகவைத்த ஆட்டிறைச்சி நல்லது. பெல்ஜியத்தின் வடபகுதியான ஃப்ளாண்டர்ஸில் மாட்டிறைச்சியை இதே பாணியில் பீரிலேயே வேகவைக்கிறார்கள்.

மிச்சமுள்ள இரண்டு சிறிய பாட்டில்களில் ஒன்றை இப்போதே, மேலே சொன்னபடி, தனியாகக் குடித்துப் பாருங்கள். மற்றதை வெளிச்சம் படாத, சூடேறாத அலமாரியில் நிற்கவைத்து ஓரிரு ஆண்டுகள் விட்டுவைக்கலாம். கசப்பு தணிந்து, போர்ட் என்னும் இனிப்பான வைனின் சாயல் ஏறும். வெஸ்ட்மாலே டிரிப்பல் போன்ற பொன்னிற பீரை வாங்கினால் அப்படிச் சேர்த்துவைக்க வேண்டாம். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களின் புத்துணர்ச்சி போன டிரிப்பல் என் ரசனைக்கு வீண்.