காற்றுக்கு அடுப்பு அடியில், கடலுக்கு மேலே

கேள்வி: சமவெளியைவிட மலை உச்சிதானே சூரியனுக்கு அருகில் இருக்கிறது? பிறகு ஏன் மேலே ஏற ஏறக் குளிர்கிறது?

பதில்: சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, 9 கிலோமீட்டரைக்கூட எட்டாத எவரெஸ்ட்டின் உயரம் அந்தத் தொலைவுக்கு முன்னால் ஒரு பொருட்டே அல்ல. காற்று எங்கிருந்து சூடாகிறது என்பதுதான் இங்கே முக்கியம். சூரிய ஒளியின் பெரும்பகுதி காற்றைச் சூடாக்காமல் ஊடுருவி வந்து நிலத்திலும் நீரிலும் விழுகிறது. அவை சூடேறி, அந்த வெப்பத்தைத் தொடுகையாலும், அகச்சிவப்புக் கதிர்களாலும், ஆவியாகும் நீரின் வழியாகவும் மேலிருக்கும் காற்றுக்குக் கொடுக்கின்றன. வளிமண்டலத்துக்கு அடுப்பு அடியில் இருக்கிறது.

சூடான காற்று மேலே எழும் என்றால் வெப்பமும் அதனுடன் மேலே போய்ச் சேர வேண்டாமா என்று தோன்றலாம். எழுவது உண்மைதான்; ஆனால் உயரே அழுத்தம் குறைவாக இருப்பதால் காற்று விரிகிறது, விரிவதற்குத் தன் வெப்ப ஆற்றலையே செலவிட்டுக் குளிர்கிறது. சைக்கிள் டயருக்குக் காற்றடித்து முடித்தவுடன் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால், அமுக்கப்பட்ட காற்றின் சூடு விரலில் தெரியும். மலைமேல் நடப்பது இதற்கு நேரெதிர். உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் எழுந்தால் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. ஈரக்காற்றில் நீராவி மேகத்துளிகளாக மாறும்போது அதனுள் அடங்கியிருந்த வெப்பம் (உள்ளுறை வெப்பம்) வெளிப்படுவதால் குளிரும் வேகம் குறைகிறது. மொத்தத்தில் சராசரி, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி.

இந்தச் சரிவும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பலூன்களில் கருவிகளை ஏற்றி அனுப்பிய பிரெஞ்சு வானிலை அறிஞர் லியோன் டெசெரென் டி போர், சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறைவதில்லை என்று 1902இல் அறிவித்தார். அதற்கும் உயரே ஓசோன் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது.

கேள்வி: பூமியின் உட்பகுதி அத்தனை சூடாக இருக்கும்போது, ஆழ்கடல் மட்டும் ஏன் சில்லென்று இருக்கிறது?

பதில்: பூமியின் உள்ளிருந்து கடல் தரைக்கு வந்து சேரும் வெப்பம், சதுர மீட்டருக்குச் சராசரியாக 0.1 வாட் அளவுதான். கடலைச் சூடாக்குவது சூரியன், அதுவும் மேலிருந்து. செந்நிற ஒளி முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது, 200 மீட்டருக்குக் கீழே மங்கலான நீல ஒளியே மிஞ்சுகிறது, 1,000 மீட்டருக்கு அப்பால் சூரிய ஒளி எட்டுவதே இல்லை. சூடான நீர் இலேசானது என்பதால் மேலேயே மிதக்கிறது. காற்றைப்போலக் கடல் அடியிலிருந்து புரண்டு கலப்பதில்லை.

வெப்பமண்டலக் கடலின் அடியிலும் குளிர்நீர்தான் இருக்கிறது என்பதை 1751இலேயே அளந்து பார்த்தவர் ஹென்றி எல்லிஸ் என்பவர். அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பலின் தலைவராக இருந்த அவர், திறந்து மூடும் தடுப்புகளும் வெப்பமானியும் பொருத்திய வாளி ஒன்றை அட்லாண்டிக்கில் சுமார் 1,600 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினார். மேற்பரப்பில் 29 டிகிரி இருந்தபோது, ஆழத்திலிருந்து வந்த நீர் 12 டிகிரி காட்டியது. மேலே இழுக்கும் வழியில் வாளி வெதுவெதுப்பான நீரைக் கடந்து வந்ததால், ஆழத்தின் உண்மையான குளிர் அதைவிடக் கூடுதல்.

ஆனால் மேலிருந்து சூடாகிறது என்பது மட்டும் விடையாகாது. எத்தனை மெதுவாகக் கசிந்தாலும், மேற்பரப்பின் வெப்பம் காலப்போக்கில் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். அப்படி ஆகாமல் இருப்பதற்கு, குளிர்நீர் கீழே ஓயாமல் நிரப்பப்படுவதே காரணம். கிரீன்லாந்தை ஒட்டிய கடல்களில் நீர் குளிர்ந்து கனமாகி அமிழ்கிறது. அண்டார்டிகாவின் ஓரத்தில், கடல்நீர் உறையும்போது பனிக்கட்டி பெரும்பகுதி உப்பை வெளியே தள்ளிவிடுவதால், எஞ்சிய நீர் இன்னும் உவர்ப்பேறி அடிவரை இறங்குகிறது. இவ்விரு மூலங்களின் நீரும் பெருங்கடல்களின் ஆழமெங்கும் பரவி மேலே திரும்ப நூற்றுக்கணக்கான ஆண்டுகள், சில பாதைகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் ஆகின்றன.

கேள்வி: வெப்பத்தைத் தேக்கிவைப்பதில் கடல் பெரிதா, காற்று பெரிதா?

பதில்: கடல்தான்; ஒப்பிடவே முடியாத அளவுக்கு. ஒரு சதுர மீட்டர் கடற்பரப்பின் மேல் வானம்வரை நிற்கும் காற்றின் எடை ஏறத்தாழ 10 டன். அத்தனை காற்றையும் 1 டிகிரி சூடாக்கும் வெப்பத்தைக் கொண்டு, அதன் அடியிலுள்ள கடல்நீரில் மேல் 2.5 மீட்டரை மட்டுமே 1 டிகிரி சூடாக்க முடியும். கடலின் சராசரி ஆழமோ சுமார் 3,700 மீட்டர்.