அப்பத்தா பதில்கள்: கவிழ்ந்த நண்டுக்கூடை

கேள்வி: அப்பத்தா, 1799-இல் முதுகுளத்தூர்ப் பக்கம் சனங்கள் கும்பினியை, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியை, எதிர்த்துக் கிளம்பினார்கள் என்று சார் பாடம் நடத்தினார். பீரங்கி வைத்திருப்பவர்களிடம் தோற்றுப்போவோம் என்று அவர்களுக்குத் தெரியாதா?
– ஏழாம் வகுப்பு மாணவி, தேவிபட்டினம்

பதில்: தெரியாமல் இருக்குமா, தாயி?

நீ கடற்கரைப் பிள்ளை, நண்டை வைத்தே சொல்கிறேன். என் அப்பா நண்டு வலைக்குப் போனவர். ஒன்றுமே படாத நாள்களும் உண்டு. அன்றைக்கு வீட்டில் வெறும் கஞ்சிதான்; அதற்காக அவர் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. கரையில் ஒரு வியாபாரி இருந்தார். வலை வாங்க முன்பணம் கொடுத்தவர் என்பதால் அவரிடம்தான் நண்டைப் போட வேண்டும். கூடையில் தண்ணீர் நிற்கும் என்று பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிப்பார். சரி, போகட்டும் என்றிருந்தார்கள். அப்புறம் அது இரண்டு கிலோ ஆனது. ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "இஷ்டம்னா போடு, இல்லைன்னா கொட்டிட்டுப் போ" என்றார். அப்பா கூடையை அப்படியே மணலில் கவிழ்த்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து நல்ல பாடு வேறு! அம்மா திட்டித் தீர்த்தாள்.

கஞ்சி குடித்த நாள்களில் வராத கோபம், அந்தப் பதிலைக் கேட்டதும் வந்துவிட்டது, பார்த்தாயா?

முதுகுளத்தூருக்கு வருவோம். ராமநாதபுரம் ராசா முத்துராமலிங்க சேதுபதியை 1795-இல் கும்பினியார் பட்டத்திலிருந்து இறக்கிச் சிறையில் அடைத்தார்கள். 1809-இல் அவர் இறந்ததும் காவலில்தான். வரி வாங்க ஆள் வரும். குறை சொல்லப் போனால் அரண்மனையில் ராசா இல்லை. நாலு வருஷம் பொறுத்தார்கள். பிறகு மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் கிளம்பியவர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? முதுகுளத்தூர்க் கச்சேரிக்கு, அதாவது கும்பினியின் அலுவலகத்துக்கு. அபிராமத்திலும் கமுதியிலும் கும்பினியின் துணிக்கிடங்குக்கும் தானியக் கிடங்குக்கும். கோபத்துக்குக் கண் இல்லை என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்; இவர்கள் கோபம் வீட்டு எண் பார்த்துப் போயிருக்கிறது.

1802-இல் சேர்வைக்காரரைத் தூக்கிலிட்டார்கள். ஆக, நீ சொல்வதுபோல் தோற்றார்கள்தான்.

நானும் அப்பாவிடம் கேட்டேன், நமக்குத்தானே நஷ்டம் என்று. வலையில் சிக்கிய நண்டுக்காலைப் பிய்த்தபடி, "கொட்டச் சொன்னது அவருதானே?" என்றார். மறுநாள் இன்னும் நாலு பேர் கூடையைக் கவிழ்த்தார்கள். கழிவு பழையபடி ஒரு கிலோ ஆனது. முன்பணம் அடைய மட்டும் மூன்று வருஷம் பிடித்தது.