கறுப்பின ஆய்வியலும் களப்பணியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: முதுகலை ஆங்கில மாணவர்களுக்கு, கறுப்பின மக்களின் வரலாற்றையும் வாழ்வையும் படிக்கும் கறுப்பின ஆய்வியலை விருப்பப் பாடமாக நடத்துகிறேன். கதையையும் கவிதையையும் வாசித்து, தேர்வில் பத்து மதிப்பெண் விடை எழுதுவதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. மாணவர்கள் தாங்களே இறங்கிச் செய்து கற்கும்படி சென்னையில் ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா? துறையில் நிதி கிடையாது.
– உதவிப் பேராசிரியை, சேப்பாக்கம்

பதில்: பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். செய்து கற்பது இந்தத் துறையில் பிற்காலத்தில் ஒட்டவைத்த சங்கதி என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் துறை பிறந்ததே அப்படித்தான். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் 1968 நவம்பரில் தொடங்கி 1969 மார்ச் வரை நடத்திய வேலைநிறுத்தத்தின் விளைவாகவே அங்கே கறுப்பின ஆய்வியல் தனித் துறையாக நிலைபெற்றது. அதற்குத் திட்டம் வகுத்துக் கொடுத்த சமூகவியலாளர் நேதன் ஹேர், மாணவர்கள் தம் மக்களிடையே சென்று வேலை செய்வதையும் பாடத்தின் ஒரு பகுதியாகவே கருதினார். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த பிலடெல்பியா நகரின் ஏழாவது வார்டிலேயே குடியிருந்து, ஏறத்தாழ 2,500 குடும்பங்களை வீடு வீடாகச் சென்று விசாரித்து, 1899-இல் தம் ஆய்வை நூலாக்கியிருந்தார்.

உங்கள் வகுப்புக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் டுபாய்ஸ் செய்த ஒரு வேலையைத்தான். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக அவரும் அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து, கறுப்பின மக்களின் நிலையை விளக்கும் புள்ளிவிவரப் படங்களை மையாலும் நீர்வண்ணத்தாலும் கையாலேயே வரைந்தார்கள். ஏறத்தாழ அறுபது படங்கள். அவற்றை இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பின மக்கள் 1890-இல் எங்கெங்கே வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டும் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில் இருந்தவர்கள் 78,139 பேர். அவர்களைக் குறிக்கப் படத்தின் மேற்பகுதியில் பச்சைநிறத்தில் ஒரு கோடு. நாட்டுப்புறத்திலும் சிற்றூர்களிலும் இருந்தவர்கள் 7,34,952 பேர். அவர்களுக்குரிய சிவப்புப் பட்டை நேராக நீண்டால் தாளுக்குள் அடங்காது என்பதால், சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டே உள்ளே போகிறது. அந்தச் சிவப்புச் சுருளை ஒரு மாணவர் வரைபடத்தாளில் அளவு பிசகாமல் வரைந்து முடிப்பதற்குள், அடிமைமுறையிலிருந்து விடுதலை கிடைத்து ஒரு தலைமுறை கடந்த பிறகும் பெரும்பாலானோர் பருத்தி விளையும் நாட்டுப்புறத்தை விட்டு ஏன் வெளியேற முடியவில்லை என்று அவரே கேட்பார். நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் அதே முறையில் தமிழ்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரத்தை வரையச் சொல்லுங்கள். செலவு, வண்ணப் பெட்டியும் தாளும்தான்.

இரண்டாவது வேலை, கையெழுத்துப் படிகளைப் படித்துத் தட்டச்சு செய்வது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், 1865 முதல் 1872 வரை, அடிமைமுறையிலிருந்து விடுதலை பெற்ற மக்களுக்காக இயங்கிய அரசு வாரியத்தின் ஆவணங்களை ஸ்மித்சோனியன் நிறுவனம் தன்னார்வலர்களைக் கொண்டு படியெடுத்து வருகிறது. கூலி ஒப்பந்தங்கள், உணவுப் பங்கீட்டுப் பட்டியல்கள், பள்ளி அறிக்கைகள் என்று அவை பலவகை. சென்னையில் உட்கார்ந்துகொண்டே பதிவு செய்து இந்தப் பணியில் சேரலாம். ஒருவர் படியெடுத்ததை இன்னொருவர் சரிபார்ப்பார் என்பதால் மாணவர் பிழை செய்தாலும் பாதகமில்லை. தம் முன்னோர் பெயரைத் தேடும் ஒரு குடும்பத்துக்கு அந்தத் தட்டச்சு உதவும் என்பதே, எந்த அசைன்மென்டும் தராத ஊக்கத்தைத் தரும்.

மூன்றாவதற்கு நம் துறைமுகமே வாசல். 1834-இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்துதான் புறப்பட்டு, 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவை பதிவாகியிருக்கும். பத்துப் பக்கங்களை எடுத்து, ஊர்ப்பெயர்களை இன்றைய வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய நம் ஊர்ப்பெயர்களை மீட்டெடுப்பதில் நம் மாணவருக்குள்ள வசதி, அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவருக்குக் கிடையாது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத் துறைக் கடிதத்துடன் முன்கூட்டியே விண்ணப்பித்தால், குடிபெயர்வு தொடர்பான அரசாணைகளையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இனிப் பணம். பெருந்தொகை வேண்டாம், ஆனால் எழும்பூருக்கு மின்சார ரயிலில் போய்வரும் கட்டணமும் மதியச் சாப்பாடும் துறையின் பொறுப்பாக இருக்கட்டும், ஏனெனில் மாலையில் பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர்தான் முதலில் விடுபட்டுப்போவார். கால அட்டவணையில் வாரம் இரண்டு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கி, இன்டர்னல் மதிப்பெண்ணில் பாதியையாவது கொடுங்கள். மதிப்பெண் இல்லாத களப்பணி, சனிக்கிழமை சுற்றுலாவாகத்தான் முடியும்.

கேள்வி: எங்கள் குழு, வடசென்னையின் பழைய மில் தொழிலாளர் குடும்பங்களில் உள்ள முதியவர்களைப் பேட்டி எடுத்து, அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்களின் அனுபவத்தோடு ஒப்பிட விரும்புகிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– இரண்டாம் ஆண்டு முதுகலை மாணவர், பெரம்பூர்

பதில்: கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சொல்பவர் கதை மாறும்; இதில்தான் முதல் கவனம் வேண்டும். 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தில், முன்னாள் அடிமைகளாக இருந்த 2,300-க்கும் மேற்பட்டோரின் வாய்மொழிகள் திரட்டப்பட்டன. பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். தென்கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியாகச் சந்தித்தார்கள். வெள்ளைப் பெண்மணியிடம் தம் பழைய எசமானரைப் பற்றி நல்லவிதமாகவே பேசிய அந்த மூதாட்டி, கறுப்பினத்தவரான இன்னொரு பேட்டியாளரிடம் சவுக்கடிகளையும், தாயையும் பிள்ளையையும் பிரித்து விற்றதையும் சொன்னார். ஒரே வாய், ஒரே வீடு. அந்த இரு பேட்டிகளையும் குழுவினர் அடுத்தடுத்து உரக்கப் படித்துவிட்டுத்தான் புளியந்தோப்புக்குக் கிளம்ப வேண்டும் என்பது என் யோசனை.

வந்திருப்பவர் ஓய்வூதியம் வாங்கித் தருவார் என்று அன்றைய முதியவர்கள் பலர் எண்ணினார்கள். நீங்களும் கையில் பேப்பரோடு தெருவில் நுழைந்தால், "பட்டாவுக்குக் கணக்கெடுக்க வந்திருக்கீங்களாப்பா?" என்றுதான் கேட்பார்கள். உங்களால் எதுவும் வாங்கித்தர முடியாது என்பதை முதல் நிமிடத்திலேயே தமிழில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவுக்கு முன்பு ஒப்புதல் வாங்குங்கள். அந்தப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கக்கூடாது. "1921 பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பாடப்புத்தகக் கேள்வியில் தொடங்காமல், அந்த வீட்டில் யார் எந்த ஷிப்டுக்குப் போனார்கள், சங்கு ஊதும்போது வீட்டில் என்ன நடக்கும் என்று தொடங்குங்கள். அந்த வேலைநிறுத்தத்தோடு வெடித்த சாதிக் கலவரத்தின் நினைவுகள் அந்தத் தெருக்களில் இன்னும் ஆறாமல் இருக்கலாம். பேச விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம்.

பேட்டி எழுத்தில் வந்ததும் அவர்களுக்கே படித்துக் காட்டி, அவர்கள் நீக்கச் சொல்வதை நீக்கிவிடுங்கள். 1991-இல் நியூயார்க்கில் அரசுக் கட்டடம் எழுப்பத் தோண்டிய இடத்தில் பழைய ஆப்பிரிக்கர் இடுகாடு வெளிப்பட்டபோது, எலும்புகளை யார் ஆராய்வது, எந்தக் கேள்விகளை ஆராய்வது என்பதில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்று அந்நகரக் கறுப்பின மக்கள் போராடினார்கள். ஆய்வு, கறுப்பினத்தவருக்கென்று அமைந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 419 பேரின் எச்சங்கள் 2003-இல் உரிய மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. அந்த உரிமை உயிரோடு இருக்கும் நம் பாட்டிகளுக்கும் உண்டு.

கேள்வி: அமெரிக்காவில் ஆப்பிரிக்கானா ஆய்வியல் (ஆப்பிரிக்கரையும் உலகெங்கும் உள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் பற்றிய படிப்பு) இளங்கலை படிக்கும் என் மகள், கோடையில் ஒரு சமூக அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருப்பதாகச் சொல்கிறாள். அனுப்பலாமா?
– ஒரு தந்தை, அம்பத்தூர்

பதில்: வேலை நல்ல வேலைதான். ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன் சிலவற்றை உறுதிப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், ஐயா. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் படிப்போடு இணைந்த பயிற்சியாக வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அனுமதி தந்து, மாணவர் தகுதியைச் சான்றளிக்கும் ஐ-20 படிவத்தில் பதிய வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். சம்பளம் இல்லையே, அனுமதி எதற்கு என்று அவராகவே முடிவு செய்துவிடாமல் அந்த அலுவலகத்தில் கேட்டுவிடட்டும்.

பலரும் கவனிக்காத செலவு இன்னொன்று உண்டு. இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் வேண்டும் என்றால், கோடைப் பருவத்துக்கான கல்விக் கட்டணத்தையும் கட்டச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் பல. அதாவது பிள்ளை சம்பளமில்லாமல் உழைக்க, நீங்கள் கட்டணமும் வாடகையும் கட்ட வேண்டிவரும். இதற்கு ஈடாகத் துறையோ, வேலைவாய்ப்பு மையமோ உதவித்தொகை தருகிறதா என்று உங்கள் மகள் தயங்காமல் எழுதிக் கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால், வகுப்புகள் நடக்கும் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை அனுமதிக்கப்படும் வளாக வேலைகளில், நூலகத்தின் அரிய ஆவணப் பிரிவில் இடம் தேடலாம். பழைய கடிதங்களை அமிலமற்ற உறைகளில் போட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் விளக்கக் குறிப்பு எழுதும் அந்த வேலையை நான் குறைவாக மதிக்க மாட்டேன்.

கேள்வி: நம் ஊர்ப் பிரச்சினைகளே தலைக்கு மேல் இருக்கும்போது, சென்னை மாணவர் எதற்காக அமெரிக்கக் கறுப்பினத்தவரைப் படிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: அம்பேத்கர் 1946-இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பினத்தவர் அளித்த மனுவின் படியைக் கேட்டார், டுபாய்ஸும் பதில் எழுதினார். 1972-இல் மும்பையில் தலித் பாந்தர்ஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பிளாக் பாந்தர் இயக்கத்தைப் பார்த்தே பெயர் சூட்டிக்கொண்டது. சாதியும் நிறவெறியும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் ஆய்வேடுகளைப் படித்துச் சலித்தும்விட்டேன். எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதே மாணவருக்கு வேலை.

கேள்வி: எங்கள் கல்லூரியில் நைஜீரிய மாணவர்கள் சிலர் பொறியியல் படிக்கிறார்கள். அவர்களைக் கறுப்பின ஆய்வியல் வகுப்பில் பேச அழைக்கலாமா?
– துறைத் தலைவர், தாம்பரம்

பதில்: எதைப் பற்றிப் பேச அழைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து அமெரிக்காவின் அலபாமாவில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி லாகோஸிலிருந்து வந்த மெக்கானிக்கல் மாணவருக்கு உங்கள் மாணவரைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாம்பரத்தில் வாடகைக்கு வீடு தேடிய அனுபவத்தைச் சொல்ல அவரே விரும்பினால், அது உங்கள் வகுப்பு கட்டாயம் கேட்க வேண்டிய பாடம். விருந்தினர் உரைக்கு வேறு யாருக்கும் தரும் மதிப்பூதியத்தை அவருக்கும் கொடுத்துவிடுங்கள்.